ஊன்றுகோலில் ஒரு பட்டன்

கலைவாணி வீட்டைவிட்டுக் கிளம்பினால் கருவடிக்குப்பத்தில் அவள் குடியிருக்கும் தெரு முழுவதற்கும் அது தெரிந்துவிடும். அதற்குக் காரணம் அவளுடைய கார். இன்னும் சரியாகச் சொல்வதென்றால், அந்தக் காரின் கதவு.

இளம்பிள்ளை வாதம் வந்து சிறு வயதிலேயே அவளுடைய இரண்டு கால்களும் மெலிந்துவிட்டன. முழங்கைவரை பிடித்துக்கொள்ளும் இரண்டு ஊன்றுகோல்களோடு நடப்பாள். தெருக்காரர்கள் அவற்றைக் கட்டை என்பார்கள், அவளும் அப்படித்தான் சொல்வாள். கட்டையோடு அவள் நடக்கிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் பின்தங்கியவர்கள் உண்டு. கார் ஓட்டுவதும் அப்படித்தான். பிரேக்கையும் ஆக்ஸிலேட்டரையும் கையாலேயே இயக்கும்படி மாற்றிய பழைய வண்டி. அதை ஓட்டிக்கொண்டுதான் உப்பளத்தில் இருக்கும் தன் அலுவலகத்துக்குப் போய் வருகிறாள். உட்கார்ந்துவிட்டால் பிறகு அவளுக்கு யாருடைய உதவியும் தேவையில்லை.

சிக்கல் எல்லாம் உட்காருவதற்கு முன்னால்தான். பையிலிருந்து சாவியை எடுக்க வேண்டும். ரிமோட்டை அமுக்க வேண்டும். கைப்பிடியை இழுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஒரு கை வேண்டும். கை வேண்டுமென்றால் ஒரு கட்டையை எங்காவது சாய்த்து வைக்க வேண்டும். காரின் மேல் சாய்த்தால் அது வழுக்கிக்கொண்டு போய்த் தடாலென்று விழும். அவளால் குனிந்து எடுக்க முடியாது. அந்தச் சத்தம் கேட்டதும் எதிர்வீட்டிலிருந்து காத்தவராயன் ஓடிவருவார்.

காத்தவராயன் மில்லில் வேலை பார்த்து, மில் மூடிய பிறகு வீட்டோடு இருப்பவர். நாளாக நாளாகக் கட்டை விழும் வரைக்கும்கூட அவர் காத்திருப்பதில்லை. கலைவாணி வாசலுக்கு வந்தாலே அவர் கார் அருகில் வந்துவிடுவார். அந்தக் காலத்து மில் மேனேஜருக்கு டிரைவர் கதவு திறந்துவிடுவதைப் பார்த்திருக்கிறார் போலும். அதே மாதிரி இடுப்பை வளைத்து, "போன்ழூர் மதாம்!" என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லிக் கதவைத் திறப்பார். திறந்துவிட்டு, கதவைப் பிடித்தபடியே கேட்பார்.

"இன்னா, எங்க பயணம்?"

பதில் சொல்லியாக வேண்டும். தெருவில் நடந்து போகிற பெண்ணிடம் யாராவது கேட்டால், "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். கதவைத் திறந்துவிட்ட மனிதரிடம் அப்படிச் சொல்ல முடியுமா? கலைவாணிக்கு வாய் வந்ததில்லை. துணிக்கடை என்றால் துணிக்கடை, பல் டாக்டர் என்றால் பல் டாக்டர். அவள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் அந்தச் செய்தி மூன்றாவது வீட்டுக்குப் போயிருக்கும்.

இதனால் அவளுக்கு ஒரே ஒரு குறை. அவள் கணவன் எழிலரசன் தனியார் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். கல்யாணத்துக்கு முன்பு அவள் டைப்ரைட்டிங் வகுப்பு முடிந்து வெளியே வந்தால், எதிர்பாராமல் படிக்கட்டுக்குக் கீழே நிற்பான். கடற்கரையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்தால் சுண்டல் பொட்டலத்தோடு பின்னாலிருந்து முளைப்பான். கல்யாணமான பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. மழை பெய்கிற நாளில் உப்பளம் அலுவலக வாசலில் குடையோடு நிற்பான். அவனைத் திடீரென்று பார்க்கும்போது தனக்குள் ஏற்படும் துள்ளலை, ஒரு தடவையாவது அவனுக்கும் கொடுக்க வேண்டுமென்று கலைவாணி ஆசைப்பட்டாள். அவன் எதிர்பாராத ஓர் இடத்தில், எதிர்பாராத நேரத்தில் அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவ்வளவுதான்.

போன வருஷம் அவன் பிறந்தநாளுக்கு முயன்று பார்த்தாள். பேக்கரிக்கு என்று காத்தவராயனிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் மெயின் ரோட்டுக்குப் போய் நின்று, எழிலரசனின் பஸ் வந்ததும் ஜன்னல் வழியாகவே கத்திவிட்டார்: "தம்பி! வீட்ல சாக்லேட் கேக்கு வருது, சீக்கிரம் வந்து சேரு!" பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் எழிலரசனுக்கு வாழ்த்துச் சொன்னார்கள்.

இந்த வருஷம் அவனுக்கு நாற்பது பிறக்கிறது. சனிக்கிழமை. அவளுக்கு விடுமுறை, அவனுக்கு வேலை.

அவளுடைய அலுவலகத்துக்குப் பக்கத்தில் கார்களுக்கு ஸ்டீரியோ, சென்டர் லாக் எல்லாம் மாட்டித் தரும் கடை ஒன்று இருக்கிறது. கடைக்காரன் வினோத்குமார் அவளுக்குத் தம்பி முறை போலப் பழகுபவன். அவனைத்தான் கேட்டாள்.

"வினோத்து, என் காரு கதவைத் தொறக்க ஆள் வேணாம். கையும் வேணாம். அப்படிப் பண்ண முடியுமா?"

"கை வேணாம்னா அப்புறம் காலாலயா தொறப்பீங்க?" என்று கேட்டவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். "ஐயோ, சாரிக்கா."

"என் காலு ஜாலியா ஒக்காந்து சாப்புடற கோஷ்டி. அதுக்கு வேலை வெக்காத. கட்டையில வெச்சுடு."

அவன் ஊன்றுகோலை வாங்கித் திருப்பிப் பார்த்தான். கைப்பிடியைத் தட்டிப் பார்த்தான். உள்ளே வெற்றிடம் இருந்தது. அவனுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"வெச்சுடலாங்க்கா!"

வெள்ளிக்கிழமை அலுவலக வளாகத்திலேயே வேலை நடந்தது. புதிய ரிமோட் ஒன்றைப் பிரித்து, உள்ளிருந்த சின்னத் தகட்டையும் பேட்டரியையும் வலது ஊன்றுகோலின் கைப்பிடிக்குள் பொருத்தினான். கட்டைவிரல் படும் இடத்தில் பட்டன்களை வைத்துக் கறுப்பு உறையால் மூடினான். டிரைவர் பக்கத்துக் கதவுக்குள் ஒரு சின்ன மோட்டாரை வைத்தான். வெளிக் கைப்பிடியை இழுக்கும்போது உள்ளே நடக்கிற வேலையை இனி அது செய்யும். கூடவே ஒரு ஸ்பிரிங், கதவை ஒரு சாண் வெளியே தள்ளிவிடும். மிச்சத்தைக் கட்டையின் நுனியால் தள்ளிக்கொள்ளலாம். வண்டியைக் கிளப்புகிற சாவி எப்போதும்போல அவள் கழுத்துக் கயிற்றிலேயே தொங்கும்.

"ஓடும்போது தொறந்துக்கிட்டா?"

"ஹேண்ட் பிரேக் போட்டிருந்தாதான் வேலை செய்யும். ஓடும்போது நீங்க எவ்வளவு அமுக்குனாலும் ஒண்ணும் ஆவாது."

"ரெண்டு பட்டன் இருக்கே, இன்னொண்ணு எதுக்கு?"

"கிட்டுல ரெண்டு வருதுக்கா. ஒண்ணு வீணாத்தான கெடக்கும்? டிக்கி தொறக்கற மாதிரி குடுத்துட்டேன்."

"டிக்கியில நான் எதை வெக்கப் போறேன்?"

"இருக்கட்டுங்க்கா. ஒரு கெத்துக்கு."

அவள் காரிலிருந்து நாலடி தள்ளி நின்றாள். இரண்டு கைகளும் இரண்டு கட்டைகளில். கட்டைவிரலை மட்டும் அழுத்தினாள். டப்பென்று கதவு திறந்து நின்றது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினாள். டப். ஊஞ்சலைவிட்டு இறங்க மறுக்கிற குழந்தை மாதிரி அவள் அதையே செய்துகொண்டிருக்க, வினோத்குமார்தான், "மோட்டாரு சூடாயிடும், போதுங்க்கா" என்று கெஞ்ச வேண்டியிருந்தது.

இருவரும் ஒரு விஷயத்தை யோசிக்கவில்லை. கார் சாவியை வீட்டுக்குள் வந்ததும் ஆணியில் மாட்டிவிடுவார்கள். ஊன்றுகோலை யாரும் மாட்டி வைப்பதில்லை. அது நாள் முழுவதும் கையில்தான் இருக்கும்.

அன்று மாலை அடுப்படியில் நின்று வெங்காயத்தை எடுக்கத் திரும்பினாள். திரும்பும்போது கட்டையை இறுக்கிப் பிடித்தாள். வெளியே டப்பென்று சத்தம்.

"கலை! காரு கதவைச் சரியா சாத்தலியா?" என்று காத்தவராயன் குரல் கொடுத்தார். கதவைச் சாத்துகிற ஓசையும் கேட்டது.

கலைவாணிக்கு விஷயம் புரிந்துவிட்டது. கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நடந்து பார்த்தாள். இரண்டு எட்டு வைத்ததும் உடம்பு ஒரு பக்கமாகச் சாய, பயந்துபோய்க் கைப்பிடியைப் பிடித்தாள். டப்.

"இந்தா, மறுபடியும் தொறந்துக்கிச்சு!"

கூடத்துக்கு வந்தாள். டப். தண்ணீர் குடிக்கப் போனாள். இந்த முறை டிக்கி.

"அடங்கொப்புரான! பொறத்தாலயும் தொறக்குதே!"

அவள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வினோத்குமாருக்குப் போன் செய்தாள். அவன் சிரித்துச் சிரித்து இருமினான். "ரெண்டு தடவ சேத்து அமுக்குனாதான் தொறக்கற மாதிரி மாத்திடலாங்க்கா. திங்கக்கிழமை எடுத்தாங்க."

"நாளைக்குத்தாண்டா எனக்கு வேலையே!"

எழிலரசன் வந்தபோது காத்தவராயன் அவனை வாசலிலேயே மடக்கினார். "தம்பி, உன் காரு கொட்டாவி வுடுது. நானும் எத்தினி வாட்டி வாய மூடறது?"

"பழைய வண்டி மாமா, லாக்கு தேஞ்சு போயிருக்கும். ஞாயித்துக்கிழம மெக்கானிக்க வரச் சொல்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கங்க."

"நீ நிம்மதியா வேலைக்குப் போ. நான் இருக்கேன்."

உள்ளே சுவரைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த கலைவாணி, இரண்டு கட்டைகளையும் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவளைப் போலச் சீரியல் பார்த்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் எழிலரசன் கிளம்பிப் போனான். வாழ்த்துச் சொல்லி, நெற்றியில் திருநீறு வைத்து அனுப்பினாள். சாயங்காலம் கோயிலுக்குப் போகலாம் என்று அவன் சொன்னதற்கு, ரொம்பச் சாதுவாகத் தலையாட்டினாள். அவன் போனதும் எண்ணெய்க் கத்திரிக்காய்க் குழம்பு வைத்தாள். பருப்பு வடை சுட்டாள். எல்லாவற்றையும் டப்பாக்களில் அடைத்து முதுகுப் பையில் போட்டுக்கொண்டாள்.

அவளுடைய கணக்கு இதுதான். எழிலரசனின் பஸ்ஸுக்குக் கதிர்காமம் மருத்துவக் கல்லூரி வாசல்தான் கடைசி நிறுத்தம். மதிய நடை முடிந்ததும் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். அதற்கு முன்னால் அவள் அங்கே போய் நின்றுவிட வேண்டும். பஸ் ஓடும்போது அவன் போனை எடுக்க மாட்டான். கடைசி நிறுத்தத்தில் இறங்கிய பிறகுதான் யார் யார் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பான். ஆகவே காத்தவராயன் போன் செய்தாலும் அதுவரை பாதகமில்லை. பஸ்ஸை முந்திக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். காத்தவராயன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து டிரைவர் பக்கத்துக் கதவுக்கு முட்டுக்கொடுத்துப் போட்டு, அதில் சாய்ந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு அவரே தாழ்ப்பாள்.

இப்போது அவள் வெளியே போனால் அவர் எழுந்து கதவைத் திறந்துவிடுவார். "இன்னா, எங்க பயணம்?" என்பார். அவள் சொல்லிவிடுவாள். அவளுக்குத் தன்னைப் பற்றித் தெரியும்.

கட்டையைப் பார்த்தாள். இரண்டாவது பட்டன் கட்டைவிரலுக்குக் கீழே இருந்தது.

அழுத்தினாள். தெருவில் காரின் டிக்கி மெல்ல வாயைத் திறந்தது.

"தோ, ஆரம்பிச்சுடுச்சு!" காத்தவராயன் பேப்பரை மடித்து வைத்துவிட்டுப் பின்பக்கம் போனார். டிக்கியைச் சாத்தினார். திரும்பினார். மறுபடி திறந்தது. சாத்தினார். அவர் கையை எடுக்கும்வரை பொறுத்திருந்து கலைவாணி மறுபடியும் அழுத்தினாள்.

"உனக்கும் எனக்கும் இன்னாடா பகை?" என்று அவர் காரைக் கேட்டார். பிறகு டிக்கியைச் சாத்தி, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றி, உடம்பின் பாரத்தை எல்லாம் அதன்மேல் போட்டுக்கொண்டு நின்றார்.

இதுதான் நேரம். கலைவாணி வாசற்படி இறங்கினாள். அவ்வளவு வேகமாக அவள் ஒருநாளும் நடந்ததில்லை. காரின் அருகே வந்து முதல் பட்டனை அழுத்தினாள். கதவு டப்பென்று திறந்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டது. நாற்காலி உருண்டது. மிச்சத்தைக் கட்டையால் அவள் ஒதுக்கினாள்.

"கலை! பாத்தும்மா! அந்தக் கதவும் தொறந்துக்கிச்சு! இரு, நான் வர்றேன்!"

"ஐயையோ, நீங்க டிக்கிய வுட்றாதீங்க மாமா! கெட்டியாப் புடிச்சுக்குங்க!"

அவர் பிடித்துக்கொண்டார். அவள் இருக்கையில் உட்கார்ந்தாள். ஒரு கட்டை பக்கத்து சீட்டுக்குப் போயிற்று, மற்றொன்றும் போயிற்று. கால்களைக் கையால் தூக்கி உள்ளே வைத்தாள். கதவைச் சாத்தினாள். எதுவும் விழவில்லை. யாரும் எதையும் எடுத்துக் கொடுக்கவில்லை. அந்த ஒரு நொடி அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

வண்டியைக் கிளப்பினாள். காத்தவராயன் டிக்கியைப் பிடித்தபடியே எட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நீயா ஏறிட்டியா? யாரு தொறந்தது? எங்க போற?"

கண்ணாடியை இறக்கினாள். வார்த்தை தானாக வந்தது.

"சும்மாதான் மாமா!"

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான். போன்ழூர் முசியே!"

கார் நகர்ந்தது. பின்பக்கக் கண்ணாடியில், தெரு நடுவில் நின்றபடி அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுப்பது தெரிந்தது. கலைவாணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. லாஸ்பேட்டை தாண்டும்வரை "சும்மா, சும்மா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

கொக்கு பார்க் சிக்னலில் அவளுடைய சிரிப்பு நின்றது. அவளுக்கு முன்னால் நின்றிருந்தது எழிலரசனின் பஸ். பின்படிக்கட்டில் அவன் தொங்கிக்கொண்டு, "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல கல்யாணமே நடத்தலாம், அவ்ளோ எடம் கெடக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தான். அவள் முந்தானையை இழுத்துத் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு, ஸ்டியரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். அவன் சட்டைப் பையில் போன் அடிப்பது அவளுக்கே கேட்டது. அவன் பையைத் தட்டி அதை அடக்கிவிட்டு, யாருக்கோ சில்லறை கொடுத்தான்.

பச்சை விழுந்தது. அடுத்த நிறுத்தத்தில் பஸ் ஒதுங்கியபோது அவள் தாண்டினாள். இன்னொரு வளைவில் ஒரு குறுக்குச் சந்தில் புகுந்தாள். மருத்துவக் கல்லூரி வாசலுக்கு அருகே இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து நிறுத்தி, இறங்கி, இரண்டு கட்டைகளையும் ஊன்றி நிமிர்ந்து நின்றபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. இளநீர்க்காரர் வேகமாக வந்து, "கதவ சாத்தட்டுமாம்மா?" என்றார். "வேணாங்கண்ணே" என்று சொல்லி முழங்கையால் ஓர் இடி இடித்தாள். சாத்திக்கொண்டது.

பஸ் வந்து நின்றது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாம் இறங்கினார்கள். கடைசியாக எழிலரசன் இறங்கினான். தோள்பையைச் சரிசெய்தபடி போனை எடுத்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது. அவசரமாகக் காதில் வைத்தான்.

"கண்டக்டரே, கருவடிக்குப்பத்துக்கு ஒரு டிக்கெட்."

"இது அந்தப் பக்கம் போவாதும்மா, எதிர்ல போயி..." என்று பார்க்காமலே கையைக் காட்டியவன், காட்டிய கையை இறக்காமல் திரும்பினான்.

இத்தனை வருஷமாக அவள் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. வாய் திறந்திருந்தது. கண்ணில் முதலில் பயம், பிறகு சந்தேகம். அதற்கப்புறம் பல்லெல்லாம் தெரிய ஒரு சிரிப்பு, தோள்பையிலிருந்த சில்லறை குலுங்குகிற மாதிரி.

"கலை! நீயா? நீ எப்படி இங்க? யாரு கூட்டியாந்தா? யாரு கதவு தொறந்தது?"

"நான்தான்."

"அப்பறம்?"

"அப்பறமும் நான்தான்."

அவன் கையிலிருந்த போனில் காத்தவராயனின் குரல் அலறியது. "தம்பி! தம்பி, கேக்குதா? உன் சம்சாரம் காரு எடுத்துக்கினு போயிட்டா! எங்கன்னு சொல்லல! நானும் கேட்டுட்டேன்!"

எழிலரசன் அவளைப் பார்த்தான். அவள் உதட்டில் விரல் வைக்க முடியாது, இரண்டு கையும் கட்டையில். சொல்லாதே என்பதுபோலத் தலையை மட்டும் ஆட்டினாள்.

"சும்மா எங்கனா போயிருப்பா மாமா" என்றான் அவன்.

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தையா சொல்றீங்க! கார்ல கோளாறு தம்பி, கதவு தொறக்குது, டிக்கி தொறக்குது..."

"டிக்கியா?"

கலைவாணி கட்டைவிரலை அழுத்தினாள். பின்னால் நின்ற காரின் டிக்கி மெல்ல மேலே எழுந்தது. எழிலரசன் காரைப் பார்த்தான். ஊன்றுகோலைப் பார்த்தான். அவள் இன்னொரு பட்டனை அழுத்த, முன்கதவும் டப்பென்று திறந்தது. அவன் நடுரோட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்துக்கொண்டே அவளிடம் போனைக் காட்டி, "மாமாவுக்கு நீயே சொல்லு" என்று ஸ்பீக்கரைப் போட்டான்.

அவள் எல்லாவற்றையும் ஒழுங்காக, ஒன்றுவிடாமல் சொன்னாள். வினோத்குமார், மோட்டார், ஸ்பிரிங், வெங்காயம் எடுக்கத் திரும்பியது, ஜன்னலில் நின்று அழுத்தியது எல்லாம்.

"அப்ப, நான் டிக்கிய அமுக்கிக்கினு நின்னப்ப...?"

"நான்தான் மாமா."

"அடிப்பாவி!" என்றவர், அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். பிறகு குரலைக் கொஞ்சம் இறக்கி, "அப்ப திங்கக்கிழமையிலேருந்து கதவைத் தொறக்க நான் வர வேணாமா?" என்றார்.

"போன்ழூர் சொல்ல வாங்க மாமா. எங்க போறேன்னு மட்டும் கேக்காதீங்க."

"கேட்டா?"

"கேட்டா டிக்கி தொறக்கும்."

எழிலரசன் முதுகுப் பையை அவள் தோளிலிருந்து கழற்றினான். இளநீர்க்காரரிடம் பழைய பேப்பர் ஒன்றை வாங்கி டிக்கியில் விரித்தான். திறந்திருந்த மூடி இரண்டு பேருக்கும் நிழல் கொடுத்தது. டிக்கியின் விளிம்பு அவள் உட்காருவதற்குச் சரியான உயரத்தில் இருந்தது. கத்திரிக்காய்க் குழம்பு டப்பாவை அவள் திறக்க, பஸ் டிரைவர் வடை வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி வந்துகொண்டிருந்தார்.